ஒன்பதாம் வள்ளல்

கடையெழு வள்ளல்களைப் பள்ளிக்கூடத்தில் விரல்விட்டு எண்ணியிருப்போம். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். அதியமான் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான். எட்டாம் இடத்தைப் பெருஞ்சித்திரனார் அப்போதே குமணன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். புலவனுக்காகத் தலையையே கொடுக்கத் துணிந்தவனிடமிருந்து அந்த இடத்தைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒன்பதாம் இடத்துக்குத்தான் என் சிபாரிசு: பங்குகளைப் பிரித்துக் கொடுக்கும் இயக்குநர் குழு.

பழைய வள்ளல்கள் எட்டுப் பேரிடமும் ஒரே குறை. கொடுத்தால் அவர்களிடம் இருந்தது போய்விடும். தேரைக் கொடுத்த பாரி அரண்மனைக்கு நடந்துதான் திரும்பியிருக்க வேண்டும். பேகனுக்கு அன்றிரவு நிச்சயம் குளிரியிருக்கும். கணக்குத் தெரியாத காலம். இன்றைய வள்ளலின் கொடையில் கொடுப்பவருக்கு ஒரு பைசா குறைவதில்லை, வாங்குபவருக்கு ஒரு பைசா கூடுவதுமில்லை. ஆனாலும் இரண்டு தரப்பும் மகிழ்கின்றன, தொலைக்காட்சியில் வாழ்த்துகள் ஓடுகின்றன. கொடையின் வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான கண்டுபிடிப்பு வேறில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கம்பெனிக்கு மொத்தம் 1 கோடி பங்குகள். அதில் 100 உங்களுடையவை. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய், சந்தை விலை 1,000 ரூபாய். உங்கள் கையில் இருப்பது ஒரு லட்சம். கம்பெனியில் உங்கள் சொந்தம் லட்சத்தில் ஒன்று. வள்ளல் மனம் கனிந்து 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகப் பிரிக்கிறார். இப்போது உங்களிடம் 500 பங்குகள். விலை 200 ரூபாய். மொத்தப் பங்குகள் 5 கோடி. கையில் அதே ஒரு லட்சம், கம்பெனியில் அதே லட்சத்தில் ஒன்று. பங்கு ஒன்றுக்கு 50 ரூபாயாக இருந்த லாபம் 10 ரூபாயாகும். டிவிடெண்டில் மட்டும் ஒரு நயம் இருக்கிறது. டிவிடெண்டை முகமதிப்பின் சதவீதமாகச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் போகவில்லை. முன்பு 50 சதவீதம் என்றால் 5 ரூபாய், இப்போதும் 50 சதவீதம், ஆனால் ஒரு ரூபாய். அறிக்கையில் எண் ஒரு புள்ளிகூட இறங்காது. அந்த நாசூக்கைக் கவனிக்க வேண்டும்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். அது பழைய காலத்து முரட்டுத்தனம். இங்கே பிள்ளையாரின் தேங்காயையே வாங்கி, பிள்ளையாருக்கே உடைத்து, சில்லுகளை எண்ணிக் காட்டி வரம் கேட்கிறார்கள். பிள்ளையாரும் கொடுத்துவிடுகிறார்.

இதற்கான சடங்கும் அழகு. முதலில் இயக்குநர் குழு கூடும் தேதியை அறிவிப்பார்கள். அன்றே விலை கொஞ்சம் ஏறும். குழு கூடி ஒப்புதல் தரும். இன்னும் கொஞ்சம் ஏறும். கம்பெனிச் சட்டம் 61ஆம் பிரிவின்படி பங்குதாரர்களின் ஒப்புதலும் வேண்டும். தன் பொருளைத் தனக்கே கொடுக்கலாமா என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்? பிறகு ரெக்கார்டு தேதி: அன்று பட்டியலில் பெயர் இருப்பவருக்கே கொடை. இத்தனைக்கும் காரணமாக எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுகின்றன: பங்குகளின் புழக்கத்தைக் கூட்டவும், சிறு முதலீட்டாளருக்கு எட்டும் விலையில் கிடைக்கச் செய்யவும். சிறு முதலீட்டாளர் மீதான இந்தப் பரிவை நான் மிகவும் மதிக்கிறேன். விலை மலிவாக இருந்த ஆண்டுகளில் அது ஆழ்ந்து உறங்கும். பல மடங்கு ஏறி, ஏறிக்கொண்டே இருக்கும் நாளில்தான் திடுக்கிட்டு விழித்து, ஐயோ, இந்த ஏழை இன்னும் உள்ளே வரவில்லையே என்று வருந்தும்.

ஒரு காலத்தில் இந்த வாசகத்தில் பொருள் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதச் சான்றிதழ் நாட்களில் பங்குகளை ஐம்பது, நூறு என்று கட்டாகத்தான் வாங்கி விற்க வேண்டும். கட்டுக்குக் குறைந்தால் சில்லறைப் பங்கு, விலையில் அடிவாங்கும். அமெரிக்காவிலும் நூறு பங்கு ஒரு கட்டு என்ற வழக்கம் இருந்தது. நூறு பங்கு சேர்ந்தால்தான் வியாபாரம் என்னும்போது ஒரு பங்கின் விலை பெரிய விஷயம். 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது, காகிதத்துக்குப் பதில் மின்னணுக் கணக்கான டிமேட் வந்தது, ஒரே ஒரு பங்கைக்கூட வாங்கலாம் என்றாகிவிட்டது. காரணம் கிளம்பிப் போய் கால்நூற்றாண்டுக்கு மேலாகிறது; வாசகம் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. அரைப் பங்கு, கால் பங்கு வாங்க இந்தியாவில் இன்னும் வழியில்லை என்பதால், விலை பல்லாயிரங்களில் இருக்கும் சில பங்குகளுக்கு அது பொருந்தக்கூடும். நூற்றுக்கணக்கான ரூபாய் விலையுள்ள பங்கை உடைப்பவரும் அதையே எழுதுவதுதான் கொடையின் பெருந்தன்மை.

1999 வரை முகமதிப்பு 10 அல்லது 100 ரூபாய் என்று கட்டுப்பாடு இருந்தது. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை நீக்கி, ஒரு ரூபாய்க்குக் குறையாமல் எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றது. கீழ்வரம்பு வைத்ததுதான் செபியின் கஞ்சத்தனம். ஒரு ரூபாயைத் தொட்டவர்களுக்கு மேற்கொண்டு பிரிக்க இடமில்லை, இலவசப் பங்கு தரும் போனஸ் வழிதான் மிச்சம். எச்.டி.எஃப்.சி. வங்கி 2019இல் 2 ரூபாயை 1 ரூபாயாக்கியது. 2025இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது.

பிரிப்பு நடந்த காலையில் இந்த வள்ளல் நமக்கு ஒரு மனப்பயிற்சியையும் இலவசமாகத் தருகிறார். செல்பேசியில் செயலியைத் திறந்தால், நேற்று ஒரு லட்சமாக இருந்தது இன்று இருபதாயிரம், எண்பது சதவீத நஷ்டம் என்று சிவப்பில் மின்னும். விலை உடனே ஐந்தில் ஒன்றாகிவிடும். புதிய முகமதிப்புக்கான புதிய அடையாள எண்ணில் பங்குகள் வந்து சேர ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கத்தாமல் இருப்பவர் வாழ்வில் எதையும் தாங்குவார். இன்ன விலைக்கு விழுந்தால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டு வைத்த ஆணைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பல தரகர்கள் அவற்றை ரத்து செய்துவிடுவார்கள். சிலருக்கு அந்தச் செய்தி மின்னஞ்சலில், விளம்பரங்களுக்கு நடுவில் வந்து கிடக்கும்.

இந்த வள்ளலுக்கு ஒரு தம்பி உண்டு, பெயர் போனஸ். முகஜாடை ஒன்று, குணம் வேறு. எண்ணிக்கையிலேயே ஆளைக் குழப்புவார்கள். ஒன்று ஐந்தாகப் பிரிந்தால் கையில் ஐந்து பங்குகள். ஒன்றுக்கு ஐந்து போனஸ் என்றால் பழையது ஒன்று, புதியது ஐந்து, ஆக ஆறு. வரிக்கணக்கில் வித்தியாசம் இன்னும் கூர்மை. பிரித்தால் நீங்கள் கொடுத்த விலையும் பிரிந்துகொள்ளும்: 1,000 ரூபாய்க்கு வாங்கியது 200 வீதம் ஐந்து, வாங்கிய தேதி பழைய தேதியே. போனஸ் பங்குக்கோ வாங்கிய விலை பூஜ்யம், அதன் வயது ஒதுக்கப்பட்ட நாளில்தான் தொடங்கும். ஒரு வருடத்துக்குள் விற்றால் முழுத்தொகையும் குறுகிய கால லாபம். அண்ணன் வெறுங்கையோடு வருவார், வெறுங்கையோடு போவார். தம்பி அப்படியல்ல, போகும்போது வரித்துறையை அறிமுகப்படுத்திவிட்டுப் போவார்.

தம்பியின் திறமைக்கு நைகா கம்பெனியின் 2022ஆம் ஆண்டு நாட்காட்டி போதும். பங்கு பட்டியலானது 2021 நவம்பர் 10. பட்டியலாகும் முன்பே பணம் போட்டிருந்தவர்கள் ஓராண்டு விற்கக் கூடாது. அந்தத் தடை முடிய வேண்டியது 2022 நவம்பரில், ஏறக்குறைய அதே தேதியில். கதவு திறந்ததும் விற்பனை கொட்டுமோ என்று சந்தை பயந்துகொண்டிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் ஒன்றுக்கு ஐந்து போனஸ் அறிவிப்பு வந்தது. ரெக்கார்டு தேதி முதலில் நவம்பர் 3 என்றார்கள், பிறகு 11 என்று மாற்றினார்கள். தேதி இப்படி விழுந்ததால், தடை நீங்கிய பழைய முதலீட்டாளரின் ஆறு பங்கில் ஐந்து புதிதாய்ப் பிறந்தவை. உடனே விற்றால் அந்த ஐந்துக்கும் அப்போதைய குறுகிய கால வரி 15 சதவீதம். காத்திருந்தால் நீண்ட கால வரி 10 சதவீதம். நோக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஒரு பரிசு எத்தனை பேரை ஊரைவிட்டுக் கிளம்பவிடாமல் அன்போடு பிடித்து வைக்கும் என்பதற்காக மட்டுமே சொன்னேன்.

கடல் தாண்டிப் போனால் வள்ளல்களின் அளவும் பெரிது. 2020 ஆகஸ்ட் 11 அன்று டெஸ்லா ஒன்றை ஐந்தாக்குவதாக அறிவித்தது. அன்று விலை 1,374 டாலர். அந்த மாதம் 28ஆம் தேதி, பிரிப்புக்கு முந்திய கடைசி வர்த்தக நாளில், 2,213 டாலர். இடைப்பட்ட மூன்று வாரத்துக்குள் ஏறத்தாழ 60 சதவீதம். அந்த நாட்களில் கம்பெனி கூடுதலாக அத்தனை கார் விற்றதாகத் தகவல் இல்லை. ஆகஸ்ட் 31 அன்று பிரிந்த பங்குகள் வர்த்தகத்துக்கு வந்தன, அன்றும் ஏறின. மறுநாள், செப்டம்பர் 1, 500 கோடி டாலர் வரை புதுப் பங்குகளை விற்கப் போவதாக டெஸ்லா அறிவித்தது. ஒன்றுமில்லாததைக் கொடுத்துவிட்டு மறுநாளே ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளும் இந்தச் சுறுசுறுப்பு பாரிக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் பறம்புமலை கைவிட்டுப் போயிருக்காது.

இப்படி ஒரு கொடையைச் சோதித்துப் பார்க்கவும் சில நன்றிகெட்ட பேராசிரியர்கள் கிளம்பினார்கள். யூஜின் ஃபாமா, லாரன்ஸ் ஃபிஷர், மைக்கேல் ஜென்சன், ரிச்சர்ட் ரோல் ஆகிய நால்வர் 1927 முதல் 1959 வரை நியூயார்க் சந்தையில் நடந்த 940 பிரிப்புகளை எடுத்து ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார்கள். பங்குகள் பிரிப்புக்கு முந்திய மாதங்களில் சந்தையைவிட வேகமாக ஏறியிருந்தன. பிரிந்த பிறகு சராசரியாகச் சிறப்பு ஏற்றம் எதுவுமில்லை. பின்னால் டிவிடெண்டை உயர்த்திய கம்பெனிகள் தாக்குப்பிடித்தன, உயர்த்தாதவை சறுக்கின. ஆக, ஜனங்கள் பிரிப்பைக் கொண்டாடியது டிவிடெண்ட் வரும் என்று நம்பித்தான். வராதபோது ஏமாந்தார்கள். ஃபாமாவுக்கு 2013இல் நோபல் கிடைத்தது. 2017இல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் வேறு மூவரும் 2009இல் இன்னொரு புதிரைக் கிளப்பினார்கள்: விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும், அமெரிக்கப் பங்கு ஒன்றின் சராசரி விலை 1930களின் பெருமந்தக் காலத்திலிருந்து சுமார் 35 டாலரிலேயே நிற்கிறதே, ஏன்? பிரித்துப் பிரித்து அங்கேயே இறக்கி வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதைத் தாண்டி உருப்படியான பதில் வரவில்லை. இரண்டு நோபல் செலவழித்தும் வள்ளலின் உள்ளத்தை அளக்க முடியவில்லை என்பதே அவருடைய ஆழத்துக்குச் சான்று.

சிறிய விலைக்கு ஒரு மாயக் கவர்ச்சி உண்டு என்பது மட்டும் உண்மை. 40 ரூபாய்ப் பங்கை ஒன்றுக்குப் பத்தாகப் பிரித்து 4 ரூபாயாக்குகிறார்கள். 40 ரூபாய் எட்டாமல் எந்தச் சிறு முதலீட்டாளர் வாசலில் நின்றாரோ தெரியாது. 4 ரூபாய் என்றதும் டெலிகிராம் குழுக்களில் வரிசை நீள்கிறது. நாலு ரூபாய் எட்டு ரூபாயாவது சுலபம், நாற்பது எண்பதாவது கஷ்டம் என்ற ஞானம் அங்கேதான் போதிக்கப்படுகிறது. ஆயிரம் பங்கு வைத்திருக்கிறேன் என்று மார்தட்டும் சுகம் நூறு பங்குக்காரருக்கு வருமா? அந்த நேரத்தில் விற்றுக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்பது கொண்டாட்டத்துக்கு அபசகுனம்.

இவ்வளவு வள்ளல்கள் நிறைந்த நாட்டில் நம் சென்னைக்கு ஒரு களங்கம் இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை, பின்னர் எம்.ஆர்.எஃப். என்ற டயர் கம்பெனியானது. முகமதிப்பு இன்றும் 10 ரூபாய்தான். ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் கொடுக்காத கல்நெஞ்சம். மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான். 2023 ஜூன் 13 அன்று ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அப்படித் தாண்டிய முதல் பங்கு. இடைக்கால டிவிடெண்டாக மூன்று ரூபாய் அறிவிக்கும்போதெல்லாம் ஊரே சிரிக்கும். இவர்கள் நினைத்திருந்தால் பத்தாகப் பிரித்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு இறக்கியிருக்கலாம், தொலைக்காட்சியில் ஒரு வாரம் புகழ்ந்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு டயர் செய்துகொண்டிருந்தார்கள். இப்படியொரு கம்பெனியில் காலையில் வாங்கி மாலையில் விற்கும் கூட்டம் எப்படிச் சேரும்? பல ஆண்டுகள் வைத்திருப்பவர்கள்தான் வந்து உட்காருவார்கள்.

வாரன் பஃபெட்டும் இதே பாவத்தைச் செய்தவர். பெர்க்‌ஷைர் ஹாத்வேயின் ஏ பிரிவுப் பங்கை ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை. அதைத் துண்டு போட்டு விற்க வேறு சிலர் திட்டம் தீட்டியபோதுதான் 1996இல் பி பிரிவைக் கொண்டுவந்தார். 2010இல் பி பங்கை ஐம்பதாகப் பிரித்தார், அதுவும் பர்லிங்டன் நார்தர்ன் ரயில் கம்பெனியை வாங்கும்போது அதன் சிறு பங்குதாரர்களுக்கும் பணத்துக்குப் பதில் பங்காகவே கொடுப்பதற்காக. காரணத்தோடு பிரிக்கிறவரை எப்படி வள்ளல் என்பது?

(விலை என்ற எண்ணை நம்பி ஒரு கம்பெனியை எடைபோடுபவர்கள் எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பங்கைப் பார்க்கலாம். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெருமளவில் வைத்திருக்கும் அந்தக் கம்பெனியின் பங்கு, விற்க ஆளில்லாமல் 3 ரூபாய் 53 காசில் கிடந்தது. 2024 அக்டோபர் 29 அன்று மும்பைச் சந்தை தனி ஏலம் நடத்தியதும் 2,36,250 ரூபாய். நாட்டிலேயே விலை உயர்ந்த பங்கு என்ற எம்.ஆர்.எஃபின் பட்டமும் அன்று போயிற்று.)

பிரிப்பு எவ்வளவு வலிமையானது என்பதை, இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. காட்டிக்கொடுத்தது. 2021 அக்டோபரில் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தொட்ட உற்சாகம். அந்த மாதக் கடைசியில் 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயானது. புதுப் பங்குகளின் வாசனைகூடப் போகவில்லை. 28ஆம் தேதி மாலை ரயில்வே அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம். இணையத்தில் டிக்கெட் எடுப்போரிடம் வாங்கும் வசதிக் கட்டணத்தில் பாதியை இனி அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை பங்கு கால்வாசிக்கு மேல் சரிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே அன்றைக்கே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பங்கும் பெரும்பகுதி மீண்டது. மாதக்கணக்கில் பிரிப்பைப் பற்றிப் பேசினார்கள். கம்பெனியின் வருமானத்தைப் பற்றி ஒரு கடிதம் ஒரே காலையில் பேசி முடித்தது. பெரும்பங்கும் அமைச்சகமும் அரசிடம்தான் என்பதை அதுவரை யாரும் விளம்பரப்படுத்தவில்லை.

பிரிப்பால் நிஜமாகவே மாறும் ஒரு விஷயமும் உண்டு. அது பீரோவில் இருக்கிறது. தாத்தா எண்பதுகளில் வாங்கிய நூறு பங்குக்கான சான்றிதழ், 10 ரூபாய் முகமதிப்பு என்று அச்சடித்தது, பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். கம்பெனி இதற்கிடையே பிரித்திருக்கும், போனஸ் கொடுத்திருக்கும், நூறு ஆயிரமாகியிருக்கலாம். பழைய சான்றிதழ் ரத்தாகி, புதியது தாத்தாவின் பழைய வாடகை வீட்டு முகவரிக்குத் தபாலில் போயிருக்கும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்டை யாரும் வாங்காமல் விட்டால், பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பங்கை இன்னொருவருக்கு விற்று மாற்றவும் முடியாது, முதலில் டிமேட் ஆக்க வேண்டும். பேரன் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கையெழுத்துச் சரிபார்ப்பு என்று அலைந்து மீட்கும்போது, தாத்தாவின் நூறு என்பது இன்று எத்தனை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. நிதியின் பெயரில் கல்வி என்ற சொல் இருப்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கும் கொடையும் உண்டு. பங்குச் சேர்ப்பு என்று பெயர். விலை பாதாளத்துக்குப் போனால் பத்தையோ இருபதையோ சேர்த்து ஒன்றாக்கி, பார்க்க மரியாதையான விலையாக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் ஏ.ஐ.ஜி. 2009இல் இருபதை ஒன்றாக்கியது. சிட்டிகுரூப் 2011 மே மாதம் பத்தை ஒன்றாக்கியது. வெள்ளிக்கிழமை நாலரை டாலருக்கு முடிந்த பங்கு திங்கட்கிழமை 45 டாலரை ஒட்டித் தொடங்கியது. வார இறுதியில் நடந்த இந்த மறுவாழ்வோடு, நெருக்கடியில் நின்றுபோயிருந்த டிவிடெண்டையும் வங்கி பெருந்தன்மையோடு திரும்பத் தந்தது. 2007இல் பத்துப் பங்கு வைத்திருந்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 டாலர் 40 சென்ட் வந்துகொண்டிருந்தது. 2011இல் அந்தப் பத்தும் ஒன்றாகி, மூன்று மாதத்துக்கு ஒரு சென்ட் வந்தது.